இன்டர்நெட் ஏலத்தில் பொருள் வாங்கலாமா?

ஏலம் நமக்குப் புதிதல்ல. கமிஷன் மண்டியில் காய்கறி ஏலம், பேங்கில் மீட்காத நகை ஏலம், கோவில் தோப்புக் குத்தகை ஏலம், மாதா மாதம் ஏலச்சீட்டு என்று ஏதாவது ஒன்றில் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கேட்கும்போது யார் முகத்தில் ஆசை, யார் முகத்தில் தயக்கம் என்று பார்த்துத்தான் நாம் கை தூக்குகிறோம். இன்டர்நெட் ஏலத்தில் இந்த முகங்கள் கிடையாது. பொருளையும் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு படம், பத்து வரி விளக்கம், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரம், இவ்வளவுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று: "ஏல வெப்சைட்டில் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்குமாமே, உண்மையா?" சில பொருட்களுக்கு உண்மை. பல பொருட்களுக்கு இல்லை. எது எதற்கு என்று தெரிந்துகொள்ள, இந்த ஏலம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று முதலில் புரிந்திருக்க வேண்டும். நான் பழைய தபால்தலைகளும் தபால் அட்டைகளும் சேர்ப்பவன். அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே தருகிறேன்.

தொடங்கிய கதை

உலகில் மிகவும் தெரிந்த ஏல வெப்சைட் ஈபே. 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற புரோகிராமர் இதை 'ஆக்ஷன் வெப்' என்ற பெயரில் தொடங்கினார். முதலில் விற்றதாகச் சொல்லப்படும் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போயிற்று. "இது உடைந்தது என்று தெரியுமா?" என்று அவர் கேட்டதற்கு, "உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் நான் சேர்க்கிறேன்" என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். ஒருவருக்குக் குப்பையாக இருப்பதைத் தேடிக்கொண்டு இன்னொருவர் எங்கோ இருக்கிறார். ஏல வெப்சைட்டின் முழு பலமும் இதுதான்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டு பாஸி டாட் காம் வந்தது. 2004-ல் அதை ஈபே வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது. 2017-ல் அது ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது இந்தியாவில் இருந்து ஏலம் கேட்க விரும்புபவர்கள் ஈபேயின் அமெரிக்க, பிரிட்டிஷ் வெப்சைட்களுக்குத்தான் போகிறார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஓ.எல்.எக்ஸ். போன்றவை ஏல வெப்சைட் அல்ல. அவை வரி விளம்பரம். அங்கே விலையை நீங்களும் விற்பவரும் பேசி முடிக்கிறீர்கள். அதன் ஆபத்துகள் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஈபேயிலும் எல்லாமே ஏலம் இல்லை. 2000-ம் ஆண்டிலேயே 'பை இட் நவ்' என்ற நிலையான விலை முறை வந்துவிட்டது. இன்று அங்கே பெரும்பாலான பொருட்கள் அப்படித்தான் விற்கின்றன. தேடும்போது 'ஆக்ஷன்' என்ற வடிகட்டியை க்ளிக் செய்தால் மட்டுமே ஏலப் பொருட்கள் தனியாகத் தெரியும்.

விலை எப்படி ஏறுகிறது?

புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1948 ஆகஸ்ட் 15 அன்று இந்தியத் தபால்துறை காந்தியடிகள் நினைவாக நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. அதில் 10 ரூபாய்த் தலைக்கு சேகரிப்பவர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு. அது ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது, ஆரம்ப விலை 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். (விலைகள் எல்லாம் கணக்குக்காக.) அதற்கு 90 டாலர் வரை தரலாம் என்று நான் முடிவு செய்து, பிட் பெட்டியில் 90 என்று டைப் செய்கிறேன். உடனே 90 டாலர் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. திரையில் 40 என்றுதான் காட்டும். என்னுடைய 90 கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அடுத்து ஒருவர் 60 என்று கேட்கிறார். கம்ப்யூட்டர் என் சார்பில் தானாகவே 61 ஆக்கிவிடும். "உங்களை விட ஒருவர் அதிகம் கேட்டிருக்கிறார்" என்று அவருக்குச் செய்தி போகும். அவர் விடாமல் 75 என்கிறார். என் கேள்வி 76 ஆகிறது. அத்துடன் அவர் நிறுத்திக்கொண்டு ஏலமும் முடிந்தால், பொருள் எனக்கு 76 டாலருக்குக் கிடைக்கும். 90 தர வேண்டியதில்லை. மாறாக மூன்றாவது ஆள் வந்து 120 என்று போட்டால், விலை 91 ஆகி பொருள் அவர் பக்கம் போய்விடும். அவர் மனதில் இருந்த 120 எனக்குத் தெரியாது.

இந்த விலை வரம்பில் ஒவ்வொரு படியும் ஒரு டாலர். 100 டாலரைத் தாண்டினால் படி இரண்டரை டாலர் ஆகும். விலை கூடக் கூடப் படியும் பெரிதாகும். இந்த முறைக்கு 'ப்ராக்ஸி பிடிங்' என்று பெயர். கம்ப்யூட்டர் உங்கள் ஏஜென்ட் மாதிரி உட்கார்ந்து கேட்கிறது. யோசனை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் 1890-களிலேயே தபால்தலை வியாபாரிகள் கடிதம் மூலம் நடத்திய ஏலங்களில், அதிகம் எழுதியவருக்குப் பொருள், இரண்டாவது ஆள் எழுதியதை ஒட்டிய விலை என்ற வழக்கம் இருந்திருக்கிறது.

ஆக, நீங்கள் தரும் விலையை முடிவு செய்வது நீங்கள் அல்ல, உங்களுக்கு அடுத்தபடியாக அந்தப் பொருளை விரும்பும் ஆள். அவர் இல்லாத நாளில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அவரும் உங்களைப் போலவே பிடிவாதக்காரராக இருந்தால் கடை விலையைத் தாண்டிவிடும். ஏலத்தின் லாபம், நஷ்டம் இரண்டும் பிறப்பது இந்த ஒரே இடத்தில்தான்.

லாபம் எங்கே?

கடையில் கிடைக்காத பொருட்களில். தபால்தலை, நாணயம், பழைய புகைப்பட அட்டைகள், அச்சில் இல்லாத புத்தகம், நின்றுபோன கேமராவின் லென்ஸ் போன்றவற்றுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான் விலை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு சின்னம் போட்ட அஞ்சல் தலையை எங்கள் ஊர்ப் பக்கம் தேடி அலைவதை விட, இங்கிலாந்தில் யாரோ ஒருவர் தாத்தாவின் ஆல்பத்தைப் பிரித்து விற்கும்போது பிடிப்பது எளிது. நம் நாட்டுப் பழைய தபால் பொருட்கள் அங்கே நிறையக் கிடக்கின்றன.

புது செல்போன், புது பென் டிரைவ், புது ஹெட்போன் போன்றவற்றை ஏலத்தில் தேடுவது என் கருத்தில் வீண் வேலை. கடையில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஏலமும் அந்த விலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். மிகவும் கீழே நின்றால், பொருள் அசல்தானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். டிஃபனி நகை நிறுவனம் தன் பெயரில் போலி நகைகள் விற்கப்படுவதாக ஈபே மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2008-லும், அப்பீலில் 2010-லும் தீர்ப்பு பெரும்பாலும் ஈபே பக்கமே வந்தது. போலியைத் தேடிக் கண்டுபிடித்துப் புகார் செய்யும் வேலை பெரிதும் பிராண்டின் சொந்தக்காரருடையது என்று ஆயிற்று. வெப்சைட் ஒவ்வொரு பொருளையும் பரிசோதித்துவிட்டுத்தான் வைத்திருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொரு லாபம் பலருக்கும் தெரிவதில்லை. ஒரு பொருளின் உண்மையான சந்தை விலையை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. தேடல் முடிவுகளின் பக்கவாட்டில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்ற பெட்டியில் டிக் செய்யவும். கடந்த சுமார் 90 நாட்களில் அதே பொருள் நிஜமாகவே என்ன விலைக்குப் போனது என்று வரிசையாக வரும். விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. உள்ளூர்க் கடையில் பேரம் பேசப் போகும் முன்பும் நான் இதைப் பார்த்துவிட்டுப் போவதுண்டு.

கடைசி நிமிட ஓட்டம்

ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். நீட்டிப்பு கிடையாது. அதனால் அனுபவசாலிகள் கடைசி ஐந்து, பத்து நொடிகளில் வந்து கேட்பார்கள். இதற்கு 'ஸ்னைப்பிங்' என்று பெயர். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும், அப்போது அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் பத்து நிமிடம் நீளும். அங்கே கடைசி நிமிட ஓட்டம் குறைவாகவும், ஈபேயில் அதிகமாகவும் இருந்தது. (ராத் 2012-ல் நோபல் பரிசு பெற்றவர்.)

அமெரிக்காவில் ஞாயிறு மாலை முடியும் ஏலங்கள் நிறைய. அது நமக்குத் திங்கள் காலை. அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்காரும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. அதிகபட்சம் எவ்வளவு என்று முந்தின நாளே முடிவு செய்து ஒரே ஒருமுறை டைப் செய்துவிட்டுத் தூங்கப் போவேன். ப்ராக்ஸி முறை இருப்பதே அதற்காகத்தான். ஆனால் சீக்கிரமே கேட்டு வைப்பதில் ஒரு குறை உண்டு. புதியவர்கள் உங்களை மிஞ்சும் ஆசையில் இரண்டு இரண்டு டாலராக ஏற்றிக்கொண்டே வருவார்கள். ஆகவே கடைசி நாளில் கேட்பது நல்லது.

ஏலச்சீட்டில் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போட்டி சூடு பிடித்தால் பொருள் மறந்துபோய் ஆள்தான் கண்ணில் தெரிவார். "போய்விட்டீர்கள், மறுபடி கேளுங்கள்" என்று இமெயிலும் சிவப்பு எழுத்தும் வந்து தூண்டும். கேட்டதைத் திரும்பப் பெறவும் எளிதில் முடியாது. 9.50 என்பதற்குப் பதில் 95 என்று டைப் செய்துவிட்டது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதிலும் ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். புள்ளி வைத்த இடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு பட்டனை அழுத்தவும்.

ஆள் விட்டு ஏற்றுவது

நம் ஊர் ஏலத்தில் விற்பவரே தன் ஆளை நிறுத்தி விலையை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்டர்நெட்டில் இது இன்னும் சுலபம். இன்னொரு இமெயில் முகவரி இருந்தால் போதும். 2000-ம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஒரு ஓவியம், ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற பெரிய ஓவியர் வரைந்ததாக எண்ணவைக்கும்படி ஏலத்துக்கு வந்தது. வேறு வேறு பெயரில் ஏற்றிவிட்டதில் 1,35,805 டாலர் வரை போயிற்று. விற்றவர் தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்டது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்கள் மீது வழக்கும் நடந்தது.

இதை நாம் கண்டுபிடிப்பது கடினம். ஈபே கேட்பவர்களின் பெயரை மறைத்தே காட்டுகிறது. ஆனாலும் பிட் எண்ணிக்கையை க்ளிக் செய்து வரலாற்றைப் பார்க்கலாம். புத்தம்புது கணக்கு ஒன்று, இதே விற்பனையாளரின் பொருட்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருமுறையும் வெல்லாமல் இருந்தால் ஒதுங்கிவிடவும். உங்கள் உச்ச விலை நியாயமானதாக இருந்தால், ஆள் விட்டாலும் அதற்கு மேல் உங்களிடம் பறிக்க முடியாது.

விற்பவர் யார்?

விற்பவரின் பெயருக்கு அருகில் ஒரு எண்ணும் சதவீதமும் இருக்கும். அது வாங்கியவர்கள் தந்த மதிப்பீடு. 99 சதவீதம் என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். அதை க்ளிக் செய்து உள்ளே போய், என்ன விற்று வாங்கிய பெயர் என்று பார்க்கவும். ஒரு டாலர் ஸ்டிக்கர் இருநூறு பேருக்கு விற்று நல்ல பெயர் எடுத்தவர் இன்று திடீரென விலை உயர்ந்த கேமரா விற்கிறார் என்றால் அந்த இருநூறுக்கு அர்த்தம் இல்லை. குறை சொன்னவர்களின் வரிகளை மட்டும் முதலில் படிப்பது என் வழக்கம். "தாமதமாக வந்தது" என்பது வேறு, "படத்தில் உள்ள பொருள் இல்லை" என்பது வேறு.

விளக்கத்தில் சில சொற்களைக் கவனிக்கவும். 'அன்டெஸ்டட்' என்றால் சோதிக்கவில்லை என்று அர்த்தம். வேலை செய்யவில்லை என்பதையே பலரும் இப்படி எழுதுகிறார்கள். 'ஃபார் பார்ட்ஸ்' என்றால் உதிரி பாகத்துக்கு மட்டும். 'பாக்ஸ் ஒன்லி' என்றால் வெறும் அட்டைப் பெட்டி. நம்புங்கள், பெட்டியை மட்டும் ஏலம் விடுபவர்கள் இருக்கிறார்கள். 'ரிசர்வ் நாட் மெட்' என்று வந்தால், விற்பவர் மனதில் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை இன்னும் எட்டப்படவில்லை.

மேலே சொன்ன காந்தி 10 ரூபாய்த் தலைக்கே போலிகள் உண்டு என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். அசல், சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சானது. அச்சு முறையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மங்கலான ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பும்படி கேட்கவும். நிபுணர் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கவும். பதில் தராதவர், தந்தும் மழுப்புபவர் இருவரிடமும் நான் ஏலம் கேட்பதில்லை.

தபால் செலவும் வரியும்

"பத்து டாலருக்குக் கிடைத்தது" என்பவர்களிடம், வீடு வந்து சேர எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். சில விற்பனையாளர்கள் பொருளை ஒரு டாலருக்கு வைத்துவிட்டுத் தபால் செலவில் பிடித்துக்கொள்வார்கள். தபால்தலை என்றால் ஒரு கவரில் வந்துவிடும். ஐ.பி.எம்.-மின் பழைய 'மாடல் எம்' கீபோர்டு மாதிரி இரண்டு கிலோ எடையுள்ள பொருளுக்கு, பொருளின் விலையை விடத் தபால் செலவு அதிகமாகலாம்.

அடுத்தது சுங்க வரி. இந்தியாவில் பொருளின் விலை, அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகை மீது வரி கணக்கிடப்படுகிறது. அதற்கும் மேலே ஐ.ஜி.எஸ்.டி. வரும். விலையைக் குறைத்து எழுதும்படி விற்பவரிடம் கேட்பது சட்டப்படி தவறு, பார்சல் மாட்டிக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர், பழைய லேப்டாப் ஆகியவற்றைத் தருவிக்க அரசின் அனுமதி வேண்டும் என்பதால் அந்த ஆசையை விட்டுவிடவும். பயன்படுத்திய பொருள் எதுவானாலும், ஏலம் கேட்கும் முன் இறக்குமதி விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

பணம் கட்டும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி இருக்க வேண்டும். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் அது அணைத்தே தரப்படுகிறது. பேங்கின் ஆப்பில் போய் நீங்களே ஆன் செய்து, உச்ச வரம்பும் வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி ஆஃப் செய்யவும். டாலரை ரூபாயாக மாற்ற பேங்க் தனியாகக் கட்டணம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் கூட்டி ரூபாயில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகையில் இருந்து பின்னோக்கிக் கழித்து வருவதுதான் பிட் பெட்டியில் டைப் செய்ய வேண்டிய உச்ச விலை.

வெளியே வா என்று அழைத்தால்

ஈபேயில் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் உண்டு. பொருள் வராவிட்டாலோ, விளக்கத்துக்கு மாறாக வந்தாலோ புகார் செய்யலாம். ஆனால் வெப்சைட்டின் வழியாகப் பணம் கட்டியிருந்தால்தான் அது பொருந்தும். "கமிஷன் மிச்சம், நேரடியாகப் பேங்கில் போடுங்கள், பத்து டாலர் குறைக்கிறேன்" என்று விற்பவர் எழுதினால், நீங்கள் இழப்பது அந்த உத்தரவாதத்தை.

ஏலத்தில் தோற்றவருக்கு 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்' என்று ஒன்று வருவதுண்டு. வென்றவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறோம் என்று. நிஜமான வசதிதான். ஆனால் அதே மாதிரி போலி இமெயில்களும் வருகின்றன. இமெயிலில் உள்ள லிங்கை க்ளிக் செய்யாமல், பிரவுசரில் முகவரியை நீங்களே டைப் செய்து உங்கள் கணக்கில் நுழைந்து அங்கே செய்தி இருக்கிறதா என்று பார்க்கவும்.

வரி விளம்பர வெப்சைட்களில் நடக்கும் மோசடி வேறு மாதிரி. நீங்கள் பழைய பீரோ விற்கப் போட்டால், வாங்குவதாகச் சொல்பவர் ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பி "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்" என்பார். யு.பி.ஐ.-யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.

பேங்குகள் கடனுக்காகக் கைப்பற்றிய வீடு, மனைகளையும் இப்போது இன்டர்நெட்டில் ஏலம் விடுகின்றன. இது விளையாட்டு அல்ல. 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் விற்கிறார்கள். வென்றவர் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதமும், விற்பனை உறுதியான 15 நாளில் மீதியும் கட்ட வேண்டும். அவகாசம் எழுத்து மூலம் கிடைத்தால் தவிர, தவறினால் கட்டியது போய்விடும். வீட்டில் குடியிருப்பவர் காலி செய்வாரா, வரி பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் தலையில். வக்கீலைப் பார்க்காமல் இதில் மவுஸைத் தொட வேண்டாம்.

பார்சல் வந்ததும்

பார்சலைப் பிரிக்கும் முன் வெளிப்புறத்தையும், பிரிக்கும்போது உள்ளே இருப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளவும். விளக்கப் பக்கத்தை ஏலம் முடிந்த அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைக்கவும். பொருள் மாறியிருந்தால் முதலில் வெப்சைட்டின் வழியாகவே விற்பவருக்கு எழுதுங்கள். மூன்று வேலை நாட்களில் அவர் தீர்த்து வைக்காவிட்டால் ஈபேயைத் தலையிடும்படி கேட்கலாம். புகாருக்கு, பொருள் வந்த நாளில் இருந்தோ வர வேண்டிய நாளில் இருந்தோ 30 நாள் அவகாசம். "அடுத்த வாரம் வேறு அனுப்புகிறேன்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்த 30 நாள் கணக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் ஒருவர் அப்படி மூன்று வாரம் ஓட்டினார். 25-வது நாள் புகாரைப் பதிவு செய்தேன், பணம் கார்டுக்குத் திரும்பி வந்தது.